நிழலிலிருந்து பொருளுக்கு: உடைக்காமல் உள்ளறியும் கலையின் வரலாறு

ஒரு பொருளின் உட்புறம் எத்தகையது என்பதை அறிய இரண்டு வழிகளே உண்டு. உடைத்துப் பார்ப்பது ஒன்று. உடைக்காமல் கண்டறிவது மற்றொன்று. உடைத்துப் பார்த்தால் உண்மை ஐயமின்றித் தெரிந்துவிடும், ஆனால் பொருள் மிஞ்சாது. நூறில் ஒன்றை உடைத்துப் பார்த்துவிட்டு எஞ்சிய தொண்ணூற்றொன்பதும் அதைப் போலவே இருக்கும் என்று நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த நம்பிக்கை போதாத இடங்களில், ஒவ்வொரு பொருளையும் அதன் பயன் கெடாமல் சோதித்தறிய வகுக்கப்பட்ட முறைகள் அனைத்தையும் சேர்த்துச் சிதைக்காச் சோதனை என்று பொறியியலார் வழங்குகின்றனர். தொழிற்சாலைகளில் இதன் பேச்சு வழக்கு என்.டி.டி. என்பது. பொருளின் உட்புறத்தை முப்பரிமாணத்தில் கணினித் திரையில் நிறுத்திக் காட்டும் சி.டி. முறை, அதாவது கணினிவழி வெட்டுமுகப் பட முறை, இவ்வரிசையில் அண்மைக்காலத்தில் வந்து சேர்ந்தது. அதன் வேர்கள் மிகப் பழையவை. அவற்றுள் சில, புதுச்சேரியின் ஊரகப் பகுதிகளான வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் மண்ணிலும் கல்லிலும் தண்டவாளத்திலும் காணக் கிடைக்கின்றன. பிரெஞ்சு ஆட்சி விட்டுச் சென்ற உள்ளாட்சிப் பிரிவுகளுக்குக் கொம்யூன் என்னும் பெயர் இங்கு இன்றும் நிலைத்திருக்கிறது.

சங்கராபரணி ஆற்றங்கரையில் அமைந்த வில்லியனூர், சுடுமண் தொழிலுக்குப் பெயர்பெற்றது. வில்லியனூர்ச் சுடுமண் கைவினை புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. இவ்வூர்க் கலைஞர் வி. கே. முனுசாமி கிருஷ்ணபக்தருக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இத்தொழிலின் சிறப்பைப் பேசுவோர் பெரும்பாலும் சக்கரத்தையும் விரலின் நுட்பத்தையுமே பேசுகின்றனர். சூளையைப் பிரித்த பின் நடைபெறும் சோதனை அந்த அளவுக்குக் கவனிக்கப்படுவதில்லை. பானையின் வாயை மேல்நோக்கி வைத்து, இடக்கை விரல்நுனிகளை விளிம்பின் உட்புறமாகக் கொடுத்துத் தூக்கி, வலக்கை நடுவிரலை மடக்கி அதன் கணுவால் பானையின் வயிற்றில் ஒரு தட்டு தட்டுவார்கள். நன்கு வெந்த பானை கணீரென்று ஒலிக்கும். அவ்வொலி உடனே அடங்காமல் ஒரு கணம் நீளும். வேக்காடு குறைந்த பானையும், கண்ணுக்குத் தெரியாத மயிர்க்கீறல் விழுந்த பானையும் பொத்தென்று அடங்கிவிடும். சந்தையில் சட்டி வாங்கும் பெண்களும் இதே சோதனையைச் செய்துதான் விலை பேசுவார்கள். தட்டிப் பார்க்காமல் சட்டி வாங்குவது குடித்தனம் அறியாதவர் செயல் என்று கருதப்பட்டது.

இச்சோதனையின் இயற்பியல் எளியது. முழுமையான பானையின் சுவர் ஒரே உடலாக அதிர்கிறது. கீறல் விழுந்தால் சுவரின் விறைப்பு குறைந்து ஒலியின் சுருதி இறங்குகிறது. கீறலின் இரு முகங்களும் ஒன்றோடொன்று உராய்ந்து அதிர்வின் ஆற்றலைத் தின்றுவிடுவதால் ஒலி நீளாமல் அடங்குகிறது. விளிம்பை விரல்நுனிகளால் மட்டும் தொடுவதற்கும் காரணம் உண்டு: உள்ளங்கை முழுவதும் பதிந்தால் அதுவே அதிர்வை அடக்கி, நல்ல பானையையும் கெட்ட பானையாகக் காட்டிவிடும். அளவிடும் செயல், அளக்கப்படும் பொருளைக் குலைக்கக் கூடாது என்ற விதியை இந்த விரல்கள் எந்தப் பாடநூலும் இன்றிக் கற்றிருந்தன.

பாகூரின் சான்று மண்ணன்று, கல். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் இவ்வூரில் நடைபெற்ற கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் தானமாக வழங்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. மூலநாதர் கோயிலின் கற்சுவர்களில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன், சோழ மன்னர்கள் ஆகியோர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. இத்தகைய கற்றளிகளை எழுப்பிய தச்சர் மரபில், கல்லைத் தேர்வதற்கும் தட்டுதலே முதற்சோதனையாக இருந்தது. உளியாலோ சுத்தியாலோ தட்டும்போது வெண்கல மணிபோல் ஓங்கி ஒலிப்பது ஆண்கல், மென்மையாக ஒலிப்பது பெண்கல், ஒலியின்றி மந்தமாக இருப்பது அலிக்கல் என்று அவர்கள் பிரித்தனர். தேவர் திருமேனிகளுக்கு முதலாவதும், தேவியர் திருமேனிகளுக்கு இரண்டாவதும், தளம் பாவுதல் போன்றவற்றுக்கு மூன்றாவதும் உரியவை என்பது மரபு. கல்லுக்குள் மறைந்திருக்கும் குற்றத்தைச் சிற்ப நூல்கள் கர்ப்பம் என்ற சொல்லால் குறிக்கின்றன. கல்லினுள் தேரை இருக்கும், பல்லி இருக்கும் என்று அந்நூல்கள் விரித்துரைப்பதை இன்றைய நிலவியல் ஏற்காது. ஆயினும் வெளிப்பார்வைக்கு மாசற்ற ஒரு பொருளுக்குள் குறை இருக்கக்கூடும், அதை வேலை தொடங்குமுன் கண்டறிய வேண்டும் என்னும் எண்ணமே இத்துறையின் அடிப்படை. அது இங்கே ஐயத்துக்கு இடமின்றிப் பதிவாகியிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் செதுக்கிய சிலை கண்திறக்கும் வேளையில் பிளந்துபோனால் நேரும் இழப்பை எண்ணினால், அச்சோதனை எவ்வளவு பெரிய பொறுப்பு என்பது விளங்கும்.

இதே செவிச்சோதனை வேறொரு வடிவில் வில்லியனூர் வழியாகச் செல்லும் இருப்புப்பாதையோடும் தொடர்புடையது. விழுப்புரத்தையும் புதுச்சேரியையும் இணைக்கும் இந்தப் பாதை 1879இல் திறக்கப்பட்டது. வில்லியனூர் அதன் இடைநிலையங்களுள் ஒன்று. அதற்கு 37 ஆண்டுகளுக்கு முன், 1842 மே 8 அன்று, பிரான்சில் வெர்சாயிலிருந்து பாரிசு நோக்கிச் சென்ற ரயிலின் இயந்திர அச்சு முறிந்து, தடம் புரண்ட பெட்டிகள் தீப்பற்றியதில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடலாய்வாளர் துமோன் துர்வில்லும் குடும்பத்தோடு அதில் இறந்தார். நாள்தோறும் சுழன்று சுழன்று சுமை தாங்கும் உலோகம், தன் வலிமைக்கு மிகக் கீழான பளுவிலேயே சிறுகச் சிறுக விரிசல் கண்டு ஒருநாள் திடீரென முறியும் என்ற உண்மையை, அதாவது உலோகக் களைப்பு என்பதை, இத்தகைய விபத்துகளே பொறியியலுக்குக் கற்பித்தன. நீண்ட பிடியுள்ள சுத்தியலுடன் வண்டி நெடுகிலும் நடந்து ஒவ்வொரு சக்கரமாகத் தட்டி ஒலி கேட்கும் ஊழியர், உலகின் ரயில்வேக்கள் பலவற்றிலும் வழக்கமாகிப்போனார். பணிமனைகளில் இன்னொரு முறையும் கையாளப்பட்டது: அச்சை எண்ணெயில் ஊறவைத்துத் துடைத்துவிட்டுச் சுண்ணப்பொடி பூசினால், விரிசலுக்குள் புகுந்திருந்த எண்ணெய் கசிந்து வெள்ளைப் பரப்பில் கறையாக எழுந்து விரிசலைக் காட்டிக்கொடுக்கும். புதுப்பானையில் நீரை நிரப்பி வைத்து, வெளிப்புறத்தில் எங்கே ஈரக்கோடு எழுகிறது என்று பார்க்கும் வீட்டுப் பழக்கமும் இதுவும் ஒரே வகையைச் சேர்ந்தவை.

தட்டிக் கேட்பது, கசியவிட்டுக் காண்பது ஆகிய இரண்டுக்கும் எல்லை உண்டு. குறை உண்டா இல்லையா என்பதைத் தட்டுதல் சொல்லும். எங்கே, எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லாது. கசிவு மேற்பரப்பில் திறந்திருக்கும் விரிசலை மட்டுமே காட்டும். இரண்டுக்கும் பொதுவான பெருங்குறை, அந்த அறிவு பதிவாகாமல் போவது. ஒரு குயவரின் காதில் ஐம்பது ஆண்டு சேர்ந்த தேர்ச்சி அவரோடு மறைந்துவிடுகிறது.

அப்பதிவு 1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்லெம் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்ததிலிருந்து இயல்வதாயிற்று. அவர் மனைவியின் கைவிரல் எலும்புகளைக் காட்டும் படத்தை உலகம் அறியும். தோட்டா ஏற்றிய தமது இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கியை அவர் படமெடுத்து, குழலின் உலோகத்துள் இருந்த குறைகளும் அதில் தெளிவாகத் தெரிவதை 1897இல் வெளியிட்ட அறிக்கையில் குறிப்பிட்டதை அறிந்தோர் குறைவு. தொழிற்பொருள்களை ஊடுருவிப் படமெடுக்கும் துறை, மருத்துவப் படத்துறைக்குத் தங்கையன்று; இரட்டைப் பிறவி என்றே கொள்ள வேண்டும். 1920களில் அமெரிக்க இராணுவத்தின் வாட்டர்டவுன் படைக்கலச் சாலையில் ஹோரஸ் லெஸ்டர் வார்ப்படங்களை இம்முறையில் ஒழுங்காகச் சோதிக்கத் தொடங்கிய பின் அது தொழில்துறையில் வேரூன்றியது.

ஆயினும் எக்ஸ் கதிர்ப் படம் ஒரு நிழலே. கதிர் கடந்து வந்த வழியில் எவ்வளவு பொருள் இருந்தது என்ற கூட்டுத்தொகையை மட்டுமே அது தருகிறது. ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு குறைகள் அதில் ஒன்றாகவே விழும், ஒரு குறை முன்சுவரில் உள்ளதா பின்சுவரில் உள்ளதா என்பதும் தெரியாது. பல திசைகளிலிருந்து எடுத்த நிழல்களைக் கொண்டு பொருளையே மீட்டெடுக்க முடியும் என்பதைக் கணித அளவில் 1917இல் நிறுவியவர் ஆஸ்திரியக் கணித அறிஞர் யோஹான் ராடான். ஆலன் கார்மக் அதே சிக்கலைத் தனியாக ஆராய்ந்து 1963, 1964ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். இங்கிலாந்தின் இ.எம்.ஐ. நிறுவனத்துப் பொறியாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் அமைத்த எந்திரம், 1971 அக்டோபர் 1 அன்று முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. கார்மக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டும் 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இந்த வரலாற்றில் பொதுவாக விடுபட்டுப்போகும் ஒரு பெயரைத் தமிழ் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். எர்ணாகுளத்தில் 1922இல் பிறந்து, சி. வி. ராமனிடம் பயின்று, 1952 முதல் ஏறத்தாழ இரு பத்தாண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைமை தாங்கிய கோ. நா. ராமச்சந்திரன், கொலாஜன் என்னும் புரதத்தின் முப்புரி அமைப்பைக் கண்டறிந்தவர் என்ற வகையில் உயிரியற்பியலில் புகழ்பெற்றவர். அவர் சென்னையிலிருந்து பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்துக்குச் சென்றபின், ஏ. வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை, 1971 செப்டம்பரில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியானது. ஹவுன்ஸ்ஃபீல்டின் எந்திரம் முதல் நோயாளியைக் கண்டதற்கு முந்தைய மாதம் அது. அதே ஆண்டு இந்திய அறிவியல் கழக இதழில் வந்த ராமச்சந்திரனின் கட்டுரைக்கு அவர் இட்ட தலைப்பு, நிழலிலிருந்து பொருளை மீட்டமைத்தல் என்று பொருள்படுவது.

அவர்கள் தீர்த்த சிக்கலைச் சொற்களாலேயே விளக்கலாம். ஒரு பொருளைப் பல கோணங்களில் படமெடுத்து, ஒவ்வொரு நிழலையும் அது வந்த திசையிலேயே திரும்ப இழுத்துப் பூசினால், பூச்சுகள் யாவும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் பொருள் திரண்டு எழும். ஆனால் வெட்டாத இடங்களிலும் பூச்சு படிந்திருப்பதால் பொருளைச் சுற்றி மூட்டம் போட்டுவிடும், விளிம்புகள் மங்கும், அருகருகே உள்ள இரண்டு துளைகள் ஒன்றாகத் தெரியும். அம்மூட்டத்தை அகற்ற அதுவரை கையாளப்பட்ட ஃபூரியே உருமாற்ற வழி, எண்களை வேறொரு கணிதவெளிக்குக் கொண்டுபோய்த் திருத்தி மீண்டும் கொண்டுவருவதாக இருந்ததால், அன்றைய கணினிகளுக்குப் பெருஞ்சுமையாக இருந்தது. ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் காட்டிய வழியில், நிழலைத் திரும்பப் பூசுவதற்கு முன்பே அதன் ஒவ்வோர் எண்ணிலிருந்தும் அக்கம்பக்கத்து எண்களின் குறிப்பிட்ட பங்குகளைக் கழித்துவிட்டால் போதும். பூசும்போது அக்கழிவுகள் மூட்டத்தை ஈடுசெய்துவிடும், பொருள் மட்டும் கூர்மையாக நிற்கும். கூட்டல், பெருக்கல் தவிர வேறொன்றும் தேவைப்படாத இந்த வழி கணக்கீட்டு நேரத்தை வெகுவாகக் குறைத்தது. ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் எந்திரம் வேறொரு வழியில் திரும்பத் திரும்பத் திருத்திக் கணக்கிட்டது. 1970களின் நடுப்பகுதியில் சி.டி. எந்திரங்கள் இந்தக் கழித்துப் பூசும் முறைக்கு மாறின. அவ்விருவர் பெயர்களின் முதற்பகுதிகளைச் சேர்த்து அந்த வடிகட்டி இன்றும் ராம்–லாக் என்றே வழங்கப்படுகிறது. நோபல் குழுவின் கண்ணில் படாத இப்பங்களிப்பை இந்தியப் பாடநூல்களும் போதிய அளவில் சொல்லாதது வருந்தத்தக்கது.

மருத்துவமனையில் நோயாளி அசையாமல் படுத்திருக்க, கதிர்க்குழாய் அவரைச் சுற்றுகிறது. தொழிற்சாலை சி.டி.யில் குழாய் நிலையாக நிற்க, பொருள் ஒரு சுழல்மேடையில் மெல்லத் திரும்புகிறது. குயவர் சக்கரத்தை நினைவூட்டும் இம்மேடை ஒரு சுற்றைச் சுற்றி முடிப்பதற்குள் நூற்றுக்கணக்கில், சிலபோது ஆயிரத்துக்கும் மேலாக, நிழல்கள் பதிவாகிவிடும். கூம்பு வடிவில் விரியும் கதிர்க்கற்றையைக் கொண்டு முழுக் கனவுருவையும் ஒரே சுற்றில் மீட்கும் கணக்கீட்டை 1984இல் வெளியிட்ட ஃபெல்ட்கேம்ப், டேவிஸ், கிரெஸ் ஆகிய மூவரும் ஃபோர்டு மோட்டார் நிறுவனத்தின் ஆய்வாளர்கள். பொறியியல் பொருள்களுக்காக அவர்கள் வகுத்த கணக்கீடு பின்னர் மருத்துவத்துக்கும் போனது. அலுமினிய வார்ப்புக்கு 225 கிலோவோல்ட் அளவிலான குழாய் பெரும்பாலும் போதும். சில சென்டிமீட்டர் தடித்த எஃகுக்கு 450 கிலோவோல்ட் வேண்டும். அதற்கும் தடித்தவற்றுக்கு நேர்கோட்டு முடுக்கி என்னும் பேராற்றல் கருவி தேவை. உலோகத்தைக் கடக்கும்போது கதிரின் மெலிந்த பகுதி முதலில் உறிஞ்சப்பட்டு வலிய பகுதி மட்டும் வெளியேறுவதால், சீரான உலோகமும் நடுவில் அடர்த்தி குறைந்ததுபோல் படத்தில் தோன்றும். இப்பொய்த்தோற்றத்தை மெய்க்குறையிலிருந்து பிரித்தறிவது, பானை ஒலியைப் பிரித்தறிவதற்கு நிகரான தேர்ச்சி.

வில்லியனூர் கொம்யூனின் சேதராப்பட்டிலும் பாகூர் கொம்யூனின் கிருமாம்பாக்கத்திலும் தொழிற்பேட்டைகள் எழுந்த பின், இவ்வட்டாரத்து இளைஞர்களுக்கு வார்ப்பும் பற்றவைப்பும் அன்றாடத் தொழிலாயின. வார்ப்பில் உருகிய உலோகம் உறையும்போது உள்ளே சிக்கிக்கொண்ட காற்று விடும் குழியைப் பட்டறையில் ப்ளோஹோல் என்பார்கள்; வார்ப்பின் மேற்பரப்பு கண்ணாடிபோல் இருக்க, கடைசிக் கடைசல் வேலையின்போது அக்குழி திறந்து, அதுவரை செய்த உழைப்பு முழுதும் பழைய இரும்பாகிவிடும். சி.டி. அந்தக் குழியின் இடத்தையும் அளவையும் காட்டுவதால், அது பொருளின் வலிமையைக் கெடுக்கும் இடத்தில் உள்ளதா, இருந்தும் தீங்கற்றதா என்று தீர்மானிக்க முடிகிறது. குறையுள்ள எல்லாவற்றையும் தள்ளிவிடுவது சோதனையன்று. தீங்கு தரும் குறையையும் தராத குறையையும் பிரிப்பதே சோதனை.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே 100 கி.மீ.க்கும் குறைவான தொலைவில் உள்ள கல்பாக்கத்தில், இப்பிரிவினைக்கு உயிர்நிலை முக்கியத்துவம் ஏற்பட்டது. 1971இல் அணுஉலை ஆய்வு மையமாகத் தொடங்கி, 1985 முதல் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் என்று வழங்கும் இந்நிறுவனத்தில், பல்தேவ் ராஜ் தலைமையில் சிதைக்காச் சோதனை தனியொரு துறையாகவே வளர்ந்தது. 500 மெகாவாட் முன்மாதிரி அதிவேக ஈனுலையின் நீராவி ஆக்கி ஒவ்வொன்றிலும் 23 மீட்டர் நீளமுள்ள 547 குழாய்கள் உள்ளன. அவற்றின் உள்ளே நீரும் ஆவியும், வெளியே உருகிய சோடியமும் பாயும். சோடியமும் நீரும் சந்தித்தால் கடும் வினை நிகழும். இரண்டையும் பிரித்து நிற்பது 2.3 மி.மீ. தடித்த எஃகுச்சுவர் மட்டுமே. அக்குழாய்கள் பலகையோடு பற்றவைக்கப்பட்ட இடங்களைக் குழாய்க்குள்ளேயே நுழையும் மெல்லிய கதிர்க்கோலால் படமெடுத்துச் சோதிக்கும் முறை அங்கே கையாளப்பட்டது. அவ்வளாகத்தில் 1996இல் இயங்கத் தொடங்கிய 30 கிலோவாட் காமினி உலை, எக்ஸ் கதிருக்கு மாற்றாக நியூட்ரான்களைக் கொண்டு படமெடுக்க உதவுகிறது. உலோக உறைக்குள் இருக்கும் வெடிமருந்தை எக்ஸ் கதிர் எளிதில் காட்டாது, ஹைட்ரஜன் மிகுந்த பொருளில் தடைபடும் நியூட்ரான் காட்டும் என்பதால், விண்வெளித் துறையின் வெடிகருவிகள் இங்கே சோதிக்கப்பட்டிருக்கின்றன.

இதே கல்பாக்கத்து அறிவியலார் தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளின் பக்கம் திரும்பியதே, கோயில்கள் நிறைந்த வில்லியனூருக்கும் பாகூருக்கும் நேரடியாகப் பொருள்படும் நிகழ்வு. திருவாரூர் வட்டாரத்துப் பத்தூரில் 1976இல் மண்ணுக்கடியில் கிடைத்துக் கடத்தப்பட்ட நடராசர் திருமேனி, இலண்டன் நீதிமன்றங்களில் நீண்ட வழக்குக்குப் பின் 1991இல் திரும்பி வந்தது. ஒரு திருமேனி இன்ன ஊரைச் சேர்ந்தது என்று அயல்நாட்டு நீதிமன்றத்தில் நிறுவுவது எவ்வளவு கடினம் என்பதை அவ்வழக்கு உணர்த்தியது. பல்தேவ் ராஜ், சி. ராஜகோபாலன், சி. வி. சுந்தரம் ஆகியோர் 2000இல் வெளியிட்ட நூல், திருமேனிகளுக்குச் சிதைக்காச் சோதனைகளின் வழியே கைரேகை போன்ற அடையாளம் பதிக்கும் வழியைப் பொதுமக்களுக்கும் எடுத்துரைத்தது. அதன் அடிப்படை வலுவானது. மெழுகில் உருச்செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிய வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கும்போது, ஒவ்வொரு வார்ப்புக்குள்ளும் காற்றுக்குழிகளும் சுருக்கக்குழிகளும் அதற்கே உரிய ஒழுங்கில் அமைகின்றன. தேர்ந்த கைகள் வெளியுருவை மயிரிழை பிசகாமல் நகலெடுக்கலாம். உள்ளே விழுந்த குழிகளை எந்தக் கைவினைஞராலும் நகலெடுக்க முடியாது. பட்டறைக்குக் குறையாக இருப்பது இங்கே அடையாளமாகிறது.

வெளியுருவைப் பதிவு செய்யும் பணி புதுச்சேரியிலிருந்துதான் நடந்தது. 1955இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு நிறுவனம் தமிழகக் கோயில்களில் எடுத்துச் சேர்த்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஒளிப்படங்கள், கடத்தப்பட்ட திருமேனிகளை இனங்காணச் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவுக்குச் சான்றாகப் பயன்பட்டு வருகின்றன. ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் வாங்கி, 2014இல் இந்தியாவுக்குத் திருப்பியளித்த ஸ்ரீபுரந்தான் நடராசர் திருமேனியும் அவ்வாறு இனங்காணப்பட்டதே. பல பத்தாண்டுகளுக்கு முன் எவரோ சிற்றூர்க் கோயிலொன்றில் நின்று ஒரு படம் எடுத்திராவிட்டால் அந்த மீட்பு எளிதாக இருந்திராது.

ஒளிப்படம் பதிவு செய்தது புறத்தோற்றத்தை மட்டுமே. உட்புறத்தைப் பதிவு செய்யும் கருவிகளும், அவற்றைக் கையாளத் தெரிந்தவர்களும், கல்பாக்கத்திலும் சென்னையிலும் ஒரு பகல் பயணத் தொலைவில் இருக்கிறார்கள்; தடித்த கனவார்ப்புகளுக்கு இரிடியம் அல்லது கோபால்ட்டுக் காமாக் கதிர் வேண்டும் என்பதும், அதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளுக்கு உட்பட்ட பாதுகாப்பு வேண்டும் என்பதும் உண்மையே, ஆனால் அவை தீர்க்க முடியாத தடைகள் அல்ல. வில்லியனூர், பாகூர்க் கோயில்களின் உலாத் திருமேனிகள் ஒவ்வொன்றுக்கும் ஊடுருவுப் படம் ஒன்று எடுத்து அரசுக் காப்பகத்தில் வைக்க வேண்டும். அந்தப் பணியை, ஒரு திருமேனி களவுபோன மறுநாள் அல்ல, அது கருவறையில் இருக்கும்போதே தொடங்க வேண்டும்.